கித்தாரும் சொற்கட்டும்: 'சக்தி' இசைத்தட்டை முன்வைத்துச் சில சிந்தனைகள்

 

மொழி வளர்ச்சிக்கென அமைந்த ஓர் அவையில் கித்தாரைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பைத் தரலாம். அழைப்பிதழில் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், "மொழிக்கும் கித்தாருக்கும் என்ன ஐயா தொடர்பு?" என்று தொலைபேசியில் வினவினார். முத்தமிழுள் இசையும் ஒன்று என்று மட்டும் அவருக்கு அப்போது விடை கூறினோம். அவ்விடை போதாது என்பதை யாம் அறிவோம். எஞ்சிய விடையை இம்மாலை உங்கள் முன் வைக்கின்றோம்.

இந்நாட்டில் தமிழ் பேசுவோர் அனைவரையும் உறுத்தும் வினா ஒன்று உண்டு. மலாய், ஆங்கிலம், சீனம் எனப் பன்மொழிகள் சூழ வாழும் நாம் எதனோடும் கலவாமல் வாழ இயலாது. அவ்வாறெனில், நம்மை வளர்க்கும் கலப்பு எது, நம்மைக் கரைக்கும் கலப்படம் எது? இவ்வினாவை மொழியறிஞர் பலர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். யாம் அதனை ஓர் இசைத்தட்டின் வழியாக அணுக விரும்புகின்றோம். கலப்பிசை என்றாலே நினைவுக்கு வரும் 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டே அது. அதனை உருவாக்கிய கித்தார்க் கலைஞர் தமிழர் அல்லர். ஆயினும் அத்தட்டு உருவான கதையில் தமிழுக்குரிய பங்கு பெரிது. அப்பங்கு நம்மவரால் போதிய அளவு பேசப்படவில்லை.

சவுத்தாம்ப்டனில் ஒரு நிகழ்ச்சி

1975ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. மேடையில் ஐவர் இருந்தனர். கித்தார் வாசித்தவர் இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் 1942இல் பிறந்த ஜான் மெக்லாக்லின். வயலின் வாசித்தவர் எல். சங்கர். கடம் 'விக்கு' விநாயக்ராம். மிருதங்கம் ராம்நாட் வி. ராகவன், தபலா ஜாகிர் உசேன். அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவே 1976இல் இசைத்தட்டாக வெளிவந்தது. மூன்றே உருப்படிகள். முதலாவது ஏறத்தாழ 18 நிமிடம். இரண்டாவது ஐந்து நிமிடத்திற்கும் குறைவு. மூன்றாவது ஏறத்தாழ 29 நிமிடம். ஒலிக்கூடத்தில் பகுதி பகுதியாகப் பதிந்து ஒட்டப்பட்டதன்று அது. அவையோர் முன்னிலையில், கச்சேரி நிகழ்வதுபோல் நிகழ்த்தி, நிகழ்ந்தவாறே பதியப்பட்டது.

தட்டின் உறையில் பெயர் அமைந்த முறையும் நோக்கத்தக்கது. 'சக்தி' என்னும் குழுவின் பெயரே முதலில் நிற்கின்றது. 'ஜான் மெக்லாக்லினுடன்' என்பது அதனைத் தொடர்ந்து வருகின்றது. அவரோ அப்போது உலகறிந்த கலைஞர். 1969இல் மைல்ஸ் டேவிசின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளில் பங்கேற்றவர். 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழுவை அமைத்து, மின்கித்தாரின் பேரொலியால் ஜாஸ் இசையையும் ராக் இசையையும் இணைத்துப் பெருங்கூட்டங்களை ஈர்த்தவர். அத்தகையவர் மின்கித்தாரை ஒருபுறம் வைத்துவிட்டு, மின்னிணைப்பில்லாத மரக்கித்தாருடன் கடத்திற்கும் மிருதங்கத்திற்கும் இடையே வந்து அமர்ந்தார். வணிக நோக்கில் பார்ப்போருக்கு அது ஆதாயம் தரும் முடிவாகத் தோன்றியிராது.

அவர் அங்கு வந்து சேர்ந்த வழி யாது? கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் தென்னிந்திய இசை சிறப்பாகப் பயிற்றுவிக்கப்பட்டது. மெக்லாக்லின் அங்கே வீணை பயின்றார். அவருக்கு வீணை கற்பித்தவர் முனைவர் எஸ். இராமநாதன். தமிழ் அவையில் இப்பெயரைச் சொல்லிவிட்டு அப்பால் செல்ல இயலாது. சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து, அதே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். இளங்கோவடிகள் காட்டிய பண்களையும் பாலைகளையும் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஒருவரிடமே, உலகின் முன்னணி ஜாஸ் கித்தார்க் கலைஞர் மாணவராக அமர்ந்தார். எல். சங்கரும் அப்பல்கலைக்கழகத்தில் இசையாய்வு மேற்கொண்டிருந்தார். ராம்நாட் ராகவன் அங்கே மிருதங்க ஆசிரியர். ஆகவே, 'சக்தி' உருவாவதற்கு முன்பே அதற்கான கல்வி வகுப்பறையில் தொடங்கிவிட்டது எனலாம்.

சங்கரைப் பற்றி இன்னொரு செய்தியும் இப்பிரிக்பீல்ட்ஸ் அவைக்கு உரியது. அவருடைய தந்தையார் வி. இலட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராக விளங்கியவர். 1958ஆம் ஆண்டு இலங்கையில் மூண்ட இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. தொடர்வண்டித் துறையில் எழுத்தர்களாகவும் நிலைய அலுவலர்களாகவும் பணியாற்ற யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து, ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோயிலை எழுப்பியோரின் வழித்தோன்றல்கள் இவ்வவையில் பலர் இருக்கின்றனர். ஊர் பெயர்ந்த குடும்பங்கள் கலையை எவ்வாறு கூடவே எடுத்துச் செல்கின்றன என்பதை உங்களுக்கு யாம் விளக்க வேண்டியதில்லை.

மெட்டும் நரம்பும்

இனி, அவர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டைக் காண்போம். கித்தாரின் கழுத்தில் உலோகக் கம்பிகள் குறுக்கே பதிக்கப்பட்டிருக்கும். ஒரு தானத்திற்குள் 12 சம இடைவெளிகள். விரல் எங்கே அழுந்துகின்றதோ அந்தச் சுரம் மட்டுமே ஒலிக்கும். நமது இசையிலோ சுரம் என்பது ஒரு புள்ளியில் நிற்பதன்று. அசைவதும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்வதும், நடுங்குவதும் அதன் இயல்பு. தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்தி வாசித்தால் அது தோடியாகாது.

வீணையிலும் குறுக்குக் கட்டைகள் உண்டு. தண்டியில் மெழுகிட்டுப் பதித்த அந்த 24 கட்டைகளையும் நாம் 'மெட்டு' என்கின்றோம். பாடலின் இசையமைப்பையும் அதே சொல்லால் 'மெட்டு' என்றே வழங்குகின்றோம். வீணையின் மெட்டுகள் தண்டியின் பரப்பிலிருந்து உயர்ந்து நிற்பதால், நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டிலிருந்து பல சுரங்களை எழுப்ப முடிகின்றது. கித்தாரில் விரலுக்கும் மரத்துக்கும் இடையே அத்தகைய இடம் இல்லை. விரல் மரத்தில் உராய்ந்து தடைப்படும்.

மெக்லாக்லின் இதற்குக் கருவி வழியாகத் தீர்வு கண்டார். ஏப்ரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர் 'சக்தி'க்கென ஒரு கித்தாரை அமைத்தார். அதன் கழுத்தில் ஒவ்வொரு மெட்டுக்கும் இடையே உள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. விரல் மரத்தைத் தொடாது. நரம்பை மட்டுமே தொடும். ஆறு முதன்மை நரம்புகளின் கீழே குறுக்குவாட்டில் மேலும் ஏழு நரம்புகள் பூட்டப்பட்டன. அவை தம்புரா போலவும் வீணையின் தாள நரம்புகள் போலவும் சுருதியைத் தாங்கின.

ஆயினும் மரத்தைச் செதுக்குவது எளிது. வாசிப்பவர் தம் பழக்கத்தைச் செதுக்குவது அரிது. ஜாஸ் இசையின் உயிர் அதன் சுரக்கூட்டுகளின் நகர்வில் இருக்கின்றது. கீழே கூட்டுகள் மாறிக்கொண்டே இருக்க, மேலே கலைஞர் கற்பனை செய்வார். இராகத்திலோ ஆதாரச் சுருதி மாறுவதில்லை. கற்பனை முழுதும் அந்த ஒன்றை நோக்கியே அமையும். 'சக்தி'யில் மெக்லாக்லின் தம் கைவந்த சுரக்கூட்டு நகர்வுகளைப் பெரிதும் ஒதுக்கினார். விரைவும் கூர்மையும் ஜாஸ் கற்பனையின் துணிவும் அவரிடம் நின்றன. எதனை விட வேண்டும், எதனை விடக்கூடாது என்று அவரால் தேர முடிந்தது. தம்முடைய இசையை நன்கறிந்தவருக்கே அத்தேர்ச்சி வாய்க்கும்.

ஐவருக்கும் பொதுவான மொழி

அந்த ஐவரும் ஒரே மரபினர் அல்லர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். மேற்கும் கிழக்கும் சந்தித்த மேடை என்று மட்டும் அதனைக் கூறுவது பாதி உண்மையே. தபலா வட இந்திய மரபு. கடமும் மிருதங்கமும் தென்னாட்டு மரபு. இவ்விரண்டும் ஒரே மேடையில் உடன்வாசிப்பது அந்நாளில் அன்றாடக் காட்சியன்று. அவ்வாறெனில் இவர்களை இணைத்தது எது?

வாயாற் சொல்லப்படும் தாளமே அவர்களை இணைத்தது. மிருதங்க மாணவர் தோலில் கை வைக்குமுன் நாவாற் பயில்கின்றார். 'தகிட' என்றால் மூன்று, 'தகதிமி' என்றால் நான்கு, 'தகதகிட' ஐந்து, 'தகிடதகதிமி' ஏழு. எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. சொன்னாலே எண்ணிக்கை உள்ளே அமர்ந்துவிடும். இதனை நாம் சொற்கட்டு என்கின்றோம். மேடைக் கலையாக நிகழ்த்தும்போது கொன்னக்கோல் என்கின்றோம். வடநாட்டுத் தபலாவிலும் இதற்கிணையான மரபு உண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயரும் பேச்சு என்னும் பொருள் தரும் 'போல்' என்பதே. தெற்கும் வடக்கும் தத்தம் தாளத்தை 'சொல்' என்றும் 'பேச்சு' என்றும் அழைத்திருப்பது மொழியை ஆராயும் அவை கருதத்தக்க செய்தி.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஆதி தாளத்தின் ஒரு சுற்றில் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்தால் 32 நுண்துடிப்புகள். 'ததிங்கிணதொம்' என்பது ஐந்து. அதனை மும்முறை சொன்னால் 15. சுற்றில் 17 துடிப்புகள் கழிந்தபின் அதனைத் தொடங்கினால், மூன்றாம் முறை முடிந்தவுடன் அடுத்த சுற்றின் முதல் அடி வந்து நிற்கும். இடையில் ஐந்து ஐந்தாக ஓடுவதால் கேட்போர்க்குத் தாளம் தப்பியதுபோல் தோன்றும். முடிவில் அனைவரும் ஒருசேரச் சமத்தில் இறங்குவர். கச்சேரியில் நம்மை அறியாமல் நாம் தலையசைக்கும் இடம் அது.

ஜாஸ் கலைஞரிடமும் இதற்கு அண்மையில் நிற்கும் வழக்கம் ஒன்று உண்டு. இருவர் நான்கு நான்கு அளவைகளாகவும், பின்னர் இரண்டிரண்டாகவும் மாறி மாறி வாசிப்பர். நமது தனியாவர்த்தனத்தில் அதுவே குறைப்பு. ஒருவர் ஒரு சுற்று வாசிக்க, மற்றவர் மறுமொழி தருவார். பின் அரைச் சுற்று, கால் சுற்று எனக் குறைந்து, இறுதியில் இருவரும் ஒன்றாவர். 'சக்தி'யின் இசையில் கித்தாரும் வயலினும் இவ்வாறு கேட்டும் விடையளித்தும் நெருங்கி வருமிடங்கள் கேட்போரைக் கட்டி நிறுத்துவன. அங்கே ஜாஸ் இசையைத் தனியாகவும் கருநாடக இசையைத் தனியாகவும் பிரித்துக் காட்ட இயலாது. இரு மரபுகளும் தாமே வைத்திருந்த ஒரு வழக்கத்தை ஒன்றிடம் ஒன்று கண்டுகொண்ட இடம் அது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், தண்ணுமை வாசிப்போனுக்குரிய தகுதிகளை இளங்கோவடிகள் கூறுகின்றார். பிற கருவிகளின் குறையை நிரப்பவும், மிகையை அடக்கவும், தன் வாசிப்பு மற்றவற்றை மூடிவிடாமல் காக்கவும் அறிந்தவனாக அவன் இருத்தல் வேண்டும். விநாயக்ராமின் கடத்தை இத்தட்டில் கேட்கும்போது அவ்விலக்கணம் எமக்கு நினைவில் எழுகின்றது. துணைக்கருவியாக மட்டும் பலரும் கருதிய ஒரு மண்பானையை உலகமேடையில் ஒலிக்கச் செய்தவர் அவர். பின்னர் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் பங்கேற்று, உலக இசைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருதிலும் பங்கு பெற்றார்.

'சக்தி' மேலும் இரண்டு இசைத்தட்டுகளை வெளியிட்டுவிட்டு 1970களின் இறுதியில் கலைந்தது. 1990களின் இறுதியில் புதிய பெயருடன் மீண்டது. மாண்டலின் யு. சீனிவாசும், விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேசும் அதில் இணைந்தனர். சீனிவாஸ் 2014இல் மறைந்தார். 2023இல் வெளிவந்த குழுவின் இசைத்தட்டு மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. அதே 2024ஆம் ஆண்டின் டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்தார். இவ்வளவு நீண்ட பயணத்தில் மெக்லாக்லின் தாம் பெற்றதைத் திரும்பிப் பார்த்து என்ன செய்தார்? 2007இல் செல்வகணேசுடன் இணைந்து ஒரு பாடக் காணொளியை வெளியிட்டார். கித்தார் வாசிப்பதற்கான பாடமன்று அது, கொன்னக்கோல் பாடம். எந்நாட்டவரும் எக்கருவியினரும் தாளத்தை நாவாற் பயிலலாம் என்பதே அதன் செய்தி.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

மேற்கிலிருந்து ஒருவர் இங்கு வந்த கதை இது. இங்கிருந்து ஒருவர் அங்குச் சென்ற கதையும் உண்டு. இராணிப்பேட்டையிற் பிறந்த பிரசன்னா சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பல் கட்டுமானவியல் பயின்றவர். கருநாடக இசையைக் கித்தாரில் வாசிக்கத் தேர்ந்து, அதன் பின்னரே பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குச் சென்று ஜாஸ் கற்றார். ஜிமி ஹெண்ட்ரிக்சின் நினைவைப் போற்றி 2006இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டில், திருவல்லிக்கேணியின் பெயரைத் தலைப்பில் தாங்கிய உருப்படி ஒன்றும் உண்டு. மின்கித்தாரின் முழக்கத்தினூடே சென்னைப் பகுதியின் பெயர் ஒலிப்பதில் அவருக்குக் கூச்சமில்லை.

மெக்லாக்லின் ஜாஸ் இசையில் முழுமை பெற்றபின் வீணையை நாடினார். பிரசன்னா கீர்த்தனைகளில் ஊன்றியபின் ஜாஸ் இசையை நாடினார். திசை வேறாயினும் வரிசை ஒன்றே. தன்னிடம் ஒன்று நிறைந்திருக்க, மற்றொன்றை மாணவராக இருந்து கற்பது. அதன்பின் இரண்டையும் சேர்ப்பது. இவ்வவையில் யாம் சொல்ல விழைவதன் மையம் இதுவே. ஒன்றும் முழுமையாக இல்லாமையால் நிகழ்வது கலப்படம். இரண்டும் இருப்பதால் நிகழ்வது கலப்பு.

மொழியிலும் இதனைக் காண்கின்றோம். 'கப்பல்', 'கடை', 'கட்டில்' ஆகிய நம் சொற்கள் மலாய் மொழியில் இன்றும் வாழ்கின்றன. கடல் கடந்து வணிகம் செய்த ஒரு மக்களின் வாழ்வு, சொற்களையும் உடன் கொணர்ந்து கொடுத்தது. இன்று நம் பிள்ளைகள் ஒரு தொடரில் ஐந்து பிறமொழிச் சொற்களைக் கலக்கும்போது நாம் சினம் கொள்கின்றோம். அச்சொற்களை அவர்கள் விரும்பித் தேர்ந்தார்களா, அவ்விடத்தில் வேறு சொல்லை நாம் அவர்களுக்குத் தரவேயில்லையா என்று கேட்பதில்லை.

நம் மண்ணில்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இசைக்குப் பஞ்சமில்லை. பிரிக்பீல்ட்சில் நுண்கலைக் கோயில் என்னும் நிறுவனம் பல்லாண்டுகளாக இசையும் நடனமும் பயிற்றுவிக்கின்றது. தைப்பூசக் காலத்தில் பத்துமலை செல்லும் வழியெங்கும் உருமி மேளங்கள் முழங்குகின்றன. ஜாஸ் மேடைகளிலும் நம்மவர் இருக்கின்றனர். லூயிஸ் பிரகாசம் என்னும் டிரம்ஸ் கலைஞர் தொடங்கிய 'ஏசியாபீட்' குழு, 1980களிலேயே ஆசியத் தாளக் கருவிகளை ஜாஸ் இசையோடு இணைத்து இசைத்தட்டுகள் வெளியிட்டது. ஜப்பானிய மூங்கிற் குழலும் அதில் இடம்பெற்றது. இந்நாட்டிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்து 2012இல் மறைந்த பால் பொன்னுதுரையின் கித்தார் வாசிப்பை நேரிற் கேட்டோர் அதனை மறந்திலர். பினாங்கின் ஆறுமுகம் உடன்பிறந்தார் 'அலேகேட்ஸ்' குழுவின் வழி மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் உள்ளங்கவர்ந்தனர்.

இவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நூல்கள் எத்தனை? இவர்கள் செய்ததை விளக்கும் கலைச்சொற்கள் நம்மிடம் எத்தனை? நம் இலக்கிய வரலாறுகள் கவிதையையும் சிறுகதையையும் பதிவு செய்கின்றன. இசையைப் பதிவு செய்யும்போதும் கோயிலிசையோடும் திரையிசையோடும் நின்றுவிடுகின்றன. தமிழர் ஒருவர் மலாய் மொழியிலோ, சொல்லற்ற ஜாஸ் இசையிலோ வெற்றி பெற்றால் அவரைத் தமிழ் வரலாற்றிற்கு வெளியே நிறுத்திவிட்டு, பின்னர் 'இளையோர் தமிழை விட்டு விலகுகின்றனர்' என்று நாம் வருந்துகின்றோம்.

கிள்ளானில் ஒரு மாலை

இவ்வுரைக்கென ஆயத்தம் செய்த நாள்களில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிவை நோக்கிச் செல்கின்றோம். கிள்ளானில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இத்தட்டைக் கேட்கச் சிலர் கூடினோம். வந்திருந்தோருள் இருவர் இளையோர். ஒருவர் தங்கும் விடுதிகளில் ஜாஸ் கித்தார் வாசித்து வாழ்க்கை நடத்துபவர். மற்றவர் பகலில் கிடங்கொன்றில் பணியாற்றி, திருவிழாக் காலங்களில் உருமி வாசிப்பவர். இருவரும் ஒரே தாமானில் வளர்ந்தவர்கள். ஆயினும் ஒருவர் வாசிப்பை மற்றவர் அதுவரை அமர்ந்து கேட்டதில்லை.

முதல் உருப்படி ஓடத் தொடங்கியது. கித்தார் இளைஞர் ஆங்கிலத்தில் மெல்ல எண்ணிக்கொண்டிருந்தார். உருமி இளைஞர் ஒன்றும் எண்ணவில்லை. முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். குறைப்பு நெருங்கிச் சமத்தில் இறங்கியபோது இருவர் கையும் ஒரே நொடியில் விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். "அண்ணே, எப்படி எண்ணாமப் பிடிச்சீங்க?" என்று கித்தார் இளைஞர் கேட்டார். "எண்ண மாட்டோம் தம்பி, நாங்க சொல்லுவோம்" என்று கூறி, உருமிக்குரிய சொற்களை அவர் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்.

எமக்கு அவை புதியவை. மிருதங்கச் சொற்கட்டுகளுக்கு உறவினவாயினும் அவற்றின் மறுபதிப்பல்ல. எங்கே கற்றீர் என்று வினவினோம். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டனாரிடம் மாமா கற்றார். மாமாவிடம் தாம் கற்றதாகச் சொன்னார். எழுதி வைத்திருக்கின்றீரா என்றோம். அவர் சற்று வெட்கத்துடன், "இதெல்லாம் எழுதுற அளவுக்குப் பெரிய சங்கீதம் இல்லீங்க ஐயா" என்றார்.

அவ்விடையைச் சொல்லித் தந்தவர்கள் யார்? நாமே. செவ்வியல் என்றும் நாட்டார் என்றும், உயர்ந்தது என்றும் ஆரவாரம் என்றும் நாம் வகுத்த வேலிகள் அவர் நாவில் வந்து நின்றன. தோட்டங்கள் அடுக்குமாடிகளாகிவிட்டன, பாட்டனார் இல்லை, மாமாவும் முதுமையடைந்துவிட்டார். அச்சொற்கள் இன்று ஒருவர் நினைவில் மட்டுமே தங்கியிருக்கின்றன. அவற்றை இங்கே யாம் சொல்லிக் காட்டத் துணியவில்லை. பிழைபடச் சொல்லிவிடுவோமோ என்னும் அச்சம் உண்டு. அவருடைய குரலிலேயே அவை பதியப்பட வேண்டும்.

அம்மாலை முடியுமுன் அவ்விருவரும் சிறிது நேரம் சேர்ந்து வாசித்தனர். சிறப்பாக அமைந்தது என்று கூறினால் அது முகமன் ஆகும். பலமுறை தவறினர், ஒருவர் முடிக்குமிடத்தில் மற்றவர் தொடங்கினார். ஆனால் ஒருவர் மற்றவரிடம் "இதை எப்படிச் சொல்வது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். வெஸ்லியன் வகுப்பறையில் கேட்கப்பட்ட வினாவும் இவ்வாறே தொடங்கியிருக்கும் என்று எமக்குத் தோன்றியது.

மூன்று வேண்டுகோள்கள்

இவ்வவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, கிள்ளான் பள்ளத்தாக்கின் உருமி, தப்புக் கலைஞர்களிடம் வாழும் தாளச் சொற்களை ஒலியாகவும் எழுத்தாகவும் தொகுத்தல் வேண்டும். இது அகராதிப் பணியின் ஒரு பகுதியே. வழக்கொழிந்த சொல்லைத் தேடி ஓலைச்சுவடிக்குச் செல்லும் நாம், வழக்கொழியப்போகும் சொல்லைத் தேடிப் பக்கத்துத் தாமானுக்குச் செல்லக் கூடாதா?

இரண்டாவது, கித்தார் பயிலும் தமிழ் மாணவர்க்கென ஒரு சிறு கலைச்சொற் கையேடு தேவை. புதுச்சொற்களை வலிந்து புனைய வேண்டியதில்லை. நரம்பும் மெட்டும் நம்மிடம் உள்ளன. யாழ் நரம்பில் விரல் செய்யும் தொழில்களை உந்தல், உருட்டல், வார்தல் முதலாக எட்டாகச் சிலப்பதிகாரம் வகுத்திருக்கின்றது. அவற்றுள் எவை கித்தாருக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதைத் தமிழறிஞரும் கித்தார் ஆசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து முடிவு செய்யட்டும். பொருந்தாத இடத்தில் பிறமொழிச் சொல் அப்படியே நிற்கட்டும், அதில் இழுக்கொன்றுமில்லை.

மூன்றாவது வேண்டுகோள் பெற்றோருக்கு உரியது. பிள்ளை கித்தார் கேட்டால் வாங்கித் தாருங்கள்; மறுக்காதீர்கள். அத்துடன் தாளம் சொல்லவும் கற்பியுங்கள். அதற்குக் கருவி வேண்டா, கட்டணம் பெரிதில்லை, இடமும் தேவையில்லை; நாவும் கையும் போதும். இரண்டையும் கற்ற பிள்ளை எதனை எதனோடு சேர்ப்பது என்பதைத் தானே அறிந்துகொள்ளும்.

"மொழிக்கும் கித்தாருக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்ட நண்பரும் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றார். ஐயா, வரும் ஞாயிறன்று அவ்விரு இளைஞரும் கிள்ளானில் மீண்டும் கூடுகின்றனர். இம்முறை ஒலிப்பதிவுக் கருவியொன்றை யாம் எடுத்துச் செல்கின்றோம். தாங்களும் உடன் வர வேண்டும். எழுதிக்கொள்ள ஓர் ஏடும் கொண்டு வாருங்கள்.